கல்யாணத்துக்குள் 'கண்ணுக்குத் தெரியாத' காது மெஷின் போட்டுக்கொள்ளலாமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 58 வயது, நியூ ஜெர்ஸியில் இருக்கிறேன். ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், பாதி நாள் வீட்டிலிருந்தே ஆன்லைன் மீட்டிங்தான். மூன்று நான்கு வருஷமாகப் பேச்சு சரியாகப் பிடிபடுவதில்லை. சத்தம் கேட்கிறது, ஆனால் என்ன சொன்னார்கள் என்பது நழுவிவிடுகிறது. டெஸ்ட் எடுத்தேன், ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். மெஷின் போடத்தான் வேண்டும் என்கிறார்கள். ஜனவரியில் சென்னையில் என் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் முன்னால் காதில் மெஷினோடு நிற்க மனசு வரவில்லை. இங்கே ஒரு கிளினிக்கில், காதுக்குள் ஆழமாக வைத்துவிட்டால் மூன்று நான்கு மாசம் எடுக்கவே வேண்டாம், வெளியே தெரியவே தெரியாது என்று ஒரு கருவியைக் காட்டினார்கள். வருஷத்துக்கு 3,900 டாலர். எனக்கு 12 வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, கடைசி எச்பிஏ1சி (மூன்று மாசச் சராசரிச் சர்க்கரை காட்டும் டெஸ்ட்) 8.2. நவம்பரில் கிளம்பி கும்பகோணத்தில் அம்மாவோடு இருந்துவிட்டு, கல்யாணம் முடிந்து பிப்ரவரியில்தான் திரும்புவேன். போட்டுக்கொள்ளலாமா? அம்மாவுக்கு 83 வயது, அவருக்கும் காது மந்தம். அவருக்கு இது சரிப்படுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு அந்தக் கருவி வேண்டாம். அது மோசமான கருவி என்று நான் சொல்லவில்லை, அதைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறவர்கள் உண்டு. உங்கள் சர்க்கரை அளவுக்கும், மூன்று மாசம் ஊரில் இருக்கப்போகிற உங்கள் திட்டத்துக்கும் அது ஒத்துவராது. காரணங்களை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிளினிக்கில் இந்தப் பக்கத்தை அரை நிமிஷத்தில் சொல்லி முடித்திருப்பார்கள். அதற்கு முன்னால் ஒன்று: மெஷின் வெளியே தெரியக் கூடாது என்று நீங்கள் நினைப்பதில் தப்பே இல்லை. "இதில் என்ன வெட்கம், கண்ணாடி போடுவதில்லையா" என்று உங்களிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள், நானும் அதையே சொல்லப் போவதில்லை. பெண்ணின் அம்மாவாக மேடையில் நிற்பவர் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களுக்குக் காட்டியது பெரும்பாலும் 'லிரிக்' என்ற கருவியாக இருக்கும். கலிபோர்னியாவில் இன்சவுண்ட் மெடிக்கல் என்ற சின்ன கம்பெனி உருவாக்கியது, பிறகு 2010 வாக்கில் சுவிட்சர்லாந்தின் சோனோவா குழுமம் (போனாக் மெஷின்கள் அவர்களுடையதுதான்) அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. மாதக்கணக்கில் காதிலேயே இருக்கும் கருவி என்றால் உலகம் முழுக்க இந்தப் பெயர்தான் அடிபடும். 'இன்விசிபிள்' என்று விளம்பரம் செய்யும் மற்றவை எல்லாம் ராத்திரி கழற்றி வைக்கும் வகை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், கடைக்காரர்களே சில சமயம் குழப்புகிறார்கள்.

காதுத் துவாரம் வெளியிலிருந்து செவிப்பறை வரை சுமார் இரண்டரை சென்டிமீட்டர். வெளிப் பக்கம் குருத்தெலும்பு, அங்கேதான் முடி இருக்கும், குறும்பி சுரக்கும். உள்ளே போகப் போக எலும்பு. அந்த எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் தோல் மிக மெல்லியது, அடியில் கொழுப்போ சதையோ கிடையாது, அதனால்தான் பட்ஸ் கொஞ்சம் ஆழமாகப் போனாலே உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. இந்தக் கருவி உட்காருவது அந்த இடத்தில்தான், செவிப்பறையிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளி. சுற்றிலும் மெத்தென்ற ஃபோம் பிடித்துக்கொள்ளும். ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்தும் நிபுணர், மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உள்ளே வைப்பார். பேட்டரியை மாற்ற முடியாது. பேட்டரி தீர்ந்தால் கருவியையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பார்கள். அதனால்தான் இதை விலைக்கு விற்பதில்லை, வருஷச் சந்தா வாங்குகிறார்கள். கம்பெனி சொல்வது நான்கு மாசம் வரை. அது உச்சவரம்பு, எல்லார் காதிலும் அவ்வளவு நாள் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை.

இவ்வளவு ஆழத்தில் வைப்பதில் நிஜமான லாபங்கள் இருக்கின்றன, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கருவிக்கும் செவிப்பறைக்கும் நடுவில் காற்று கொஞ்சம்தான், அதனால் குறைந்த சக்தியில் நிறையச் சத்தம் கொடுக்க முடிகிறது. யாராவது கட்டிப்பிடித்தால் 'கீ' என்று விசில் அடிப்பது குறைவு. நம் காது மடல் ஒலியைச் சேகரித்து உள்ளே அனுப்பும் வேலையை வழக்கம்போலச் செய்கிறது, ஆகவே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது இயல்பாகத் தெரியும். சாதாரணமாகக் காதை அடைக்கும் மெஷின் போட்டால் சொந்தக் குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும் என்று எல்லாரும் புலம்புவார்கள், எலும்புப் பகுதியில் வைப்பதால் அந்தத் தொல்லையும் கம்மி. போனை எல்லாரையும் போலக் காதில் வைத்துப் பேசலாம், ஷவரில் குளிக்கலாம், படுத்துத் தூங்கலாம். ராத்திரியில் புகை அலாரம் கேட்கும், பக்கத்து அறையில் குழந்தை அழுதால் கேட்கும். ஸ்டெதஸ்கோப் மாட்டும் டாக்டர்கள், ஹெல்மெட் போட்டு வேலை செய்கிறவர்கள், விரல் நடுக்கத்தால் சின்ன மெஷினைக் கையாள முடியாதவர்கள், இவர்களுக்கெல்லாம் இது பெரிய வசதி. சிலருக்குக் காதில் இரைச்சல் தொல்லை ராத்திரியில்தான் அதிகம், அவர்களில் சிலர் தூங்கும்போதும் கொஞ்சம் வெளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பது நிம்மதியாக இருக்கிறது என்கிறார்கள்.

ஆக, வெளியே தெரியாது என்பது இதன் ஒரு குணம்தான். தினமும் தொட வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய குணம், கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அதற்குத்தான். அந்தத் 'தொட வேண்டாம்' உங்கள் விஷயத்தில் 'தொட முடியாது' என்று ஆகிவிடுகிறது.

எப்படி என்றால், பேட்டரி செத்த பிறகு அது வெறும் அடைப்பான். மெஷினே இல்லாத காதை விட மோசமாகக் கேட்கும், ஏனென்றால் துவாரத்தை அடைத்துக்கொண்டு ஒரு பொருள் உட்கார்ந்திருக்கிறது. கூடக் கொடுக்கும் காந்தக் குச்சியால் நீங்களே அதை வெளியே இழுத்து எடுத்துவிடலாம் (அந்தக் குச்சியால்தான் ஒலி அளவையும் மாற்ற வேண்டும், வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அவர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்). ஆனால் புதிதாக உள்ளே வைத்துக்கொள்ள உங்களால் முடியாது. அதற்கென்று கம்பெனியிடம் தனிப் பயிற்சி எடுத்தவர், மைக்ரோஸ்கோப், உங்கள் காதளவுக்குச் சரியான கருவி, மூன்றும் வேண்டும். கும்பகோணத்தில் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பிக் கிளம்ப முடியாது. நவம்பர் முதல் வாரம் வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். எல்லாம் சரியாகப் போனால் ஜனவரி தாண்டலாம். ஆனால் நீங்கள் போகிற நேரம் ஐப்பசி கார்த்திகை, அடைமழை, எங்கே பார்த்தாலும் ஈரம். காதில் ஈரமும் குறும்பியும் சேர்ந்து ஒரு பக்கம் டிசம்பர் கடைசியில் நின்றுபோனால், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு காதோடு நிற்பீர்கள். அதற்காக மாற்றாக ஒரு சாதாரண மெஷின் ஜோடியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அதையே போட்டுக்கொண்டு போகலாமே.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷவர் பரவாயில்லை, தலையைத் தண்ணீருக்குள் முக்கக் கூடாது. ஐப்பசியில் காவிரியில் துலா முழுக்குப் போடும் எண்ணம் இருந்தால் இந்தக் கருவியோடு அது நடக்காது. அதே போலத் தீபாவளி எண்ணெய்க் குளியல். தலையில் தேய்ப்பது வேறு, காதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுவது வேறு. அம்மா கையில் கிண்ணத்தோடு வந்தால் காதை மூடிக்கொள்ளுங்கள், கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இப்போது சர்க்கரை. என்னைப் பொறுத்தவரை இது ஒன்றே போதும், "இப்போது வேண்டாம்" என்று சொல்ல. அந்த மெல்லிய தோலின் மேல் ஒரு பொருள் இரவு பகலாக மாதக்கணக்கில் உராய்ந்துகொண்டு இருக்கப்போகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சின்னக் கீறல் ஆற நாளாகும், தொற்று சீக்கிரம் பிடிக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, காதுத் துவாரத்தில் சூடோமோனாஸ் என்ற கிருமி புகுந்து எலும்பு வரை அரித்துக்கொண்டு போகும் ஒரு நோய் இருக்கிறது. அபூர்வம்தான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் வந்தால் ஆஸ்பத்திரியில் படுத்து வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். சாதாரணமாக மெஷின் போடுகிறவர் ராத்திரி கழற்றுவார், காதுக்குக் காற்றுப் படும், ஈரமாக இருந்தால் தெரியும், அரித்தால் ஒரு நாள் போடாமல் விடலாம். இதில் அந்த இடைவெளியே கிடையாது. அதனால்தான் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்கள், தலை கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் வாங்கியவர்கள், செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் என்றால் பொறுப்பான கிளினிக் தயங்கும், இல்லை டாக்டரிடம் எழுதி வாங்கி வா என்று சொல்லும். உங்கள் 8.2-ஐ அவர்களிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அவர்கள் அதைக் கேட்டதாக ஒரு வரி இல்லை. கேட்காமலே சந்தா விலை வரைக்கும் பேசியிருந்தால் அந்த இடத்தை நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

சரி, உடம்பு பயணம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, காது கேட்பதை மட்டும் பார்ப்போம். உங்கள் ரிப்போர்ட்டில் 500 ஹெர்ட்ஸ் வரை, அதாவது கனமான ஒலிகளுக்கு, 20 டெசிபெல், அது நார்மல் (டெசிபெல் கூடக் கூடக் காது மந்தம் அதிகம்). 1000-இல் 30, 2000-இல் 45, 4000-இல் 60. கனமான ஒலிகள் நன்றாக விழுகின்றன, ச, ஸ, ஷ, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் விழுவதில்லை. அதனால்தான் சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. அமைதியான அறையில் சொற்களைத் திருப்பிச் சொல்லும் டெஸ்டில் 92 சதவீதம், இது நல்ல செய்தி, மெஷின் கொடுக்கும் ஒலியை உங்கள் மூளை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். இந்த அளவு குறைபாடு லிரிக்கின் எல்லைக்குள் வருகிறது, அதை மறுக்கவில்லை.

ஆனால் உங்களுக்குக் கஷ்டம் எங்கே? கூட்டத்தில், அப்புறம் மீட்டிங்கில். லிரிக் அனலாக் கருவி, அதாவது டிஜிட்டல் இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடித்து மாதக்கணக்கில் ஓட வேண்டும் என்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஒரே மைக். மற்ற மெஷின்களில் இரண்டு மைக் வைத்து, எதிரே பேசுகிறவர் குரலைத் தூக்கிப் பின்னால் வரும் இரைச்சலைத் தணிக்கும் வித்தை இருக்கிறதே, அது இதில் கிடையாது. ப்ளூடூத்தும் கிடையாது. கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நாதஸ்வரமும் தவிலும், இன்னொரு பக்கம் வீடியோக்காரர் கத்தல், பந்தியில் பாத்திரச் சத்தம், தகரக் கூரை எதிரொலி, இதற்கு நடுவில் சம்பந்தி அம்மா காதோரம் வந்து "தாலிக்கொடி எங்கே வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்கிறார். எந்த மெஷினும் இந்த இடத்தில் அற்புதம் செய்யாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இரண்டு மைக் உள்ள டிஜிட்டல் மெஷின் கொஞ்சமாவது கைகொடுக்கும். அத்தோடு சட்டைப்பை அளவு தனி மைக் ஒன்று வாங்கி மகளிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டால், அவர் பேசுவது ஹாலின் அந்தக் கோடியிலிருந்தும் நேராக உங்கள் காதில் விழும். மீட்டிங்கும் அப்படித்தான், லேப்டாப் ஒலி ப்ளூடூத்தில் நேரே காதுக்கு வரும்போது இருக்கிற தெளிவை ஒரு வாரம் அனுபவித்துவிட்டால் விட மனசு வராது. வருஷத்தில் மூன்று நாள் கல்யாணம், மீதி நாளெல்லாம் மீட்டிங்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே கணக்குப் பார்க்கிறவர். வருஷம் 3,900 என்றால் ஐந்து வருஷத்தில் 19,500 டாலர், முடிவில் கையில் ஒரு கருவியும் இருக்காது. நல்ல டிஜிட்டல் ஜோடி கிளினிக்கில் ஐயாயிரம் ஆறாயிரம் ஆகும், காஸ்ட்கோவில் சுமார் 1,500-க்கே கிடைக்கிறது, ஐந்து வருஷம் தாராளமாக உழைக்கும். மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் ஒதுக்கி வைக்கும் எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ பணத்தை மெஷினுக்குப் பயன்படுத்தலாம். ஆபீஸ் இன்ஷூரன்ஸில் காது மெஷினுக்கு ஒதுக்கீடு இருந்தால், அது சந்தாவுக்கும் செல்லுமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் யோசிப்பதில்லை. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் இதைக் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும். யாருக்குமே தெரியாத கருவி என்றால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தெரியாது. நீங்கள் மயக்கத்தில் இருந்தால் யார் சொல்வார்கள்? இதைப் போடுகிறவர் எல்லாரும் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்க வேண்டும், வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? நான் உங்களுக்குச் சிபாரிசு செய்வது, காதுக்குப் பின்னால் முந்திரிப் பருப்பு அளவில் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியாகக் காதுக்குள் சின்ன ஸ்பீக்கரை வைக்கும் வகை. ஆர்ஐசி என்று கேளுங்கள். முனையில் ஓட்டைகள் உள்ள சிலிக்கோன் குடை போட்டால் காது அடைபடாது, உங்களுக்குக் கனமான ஒலிகள் நன்றாகக் கேட்பதால் அவை இயற்கையாகவே உள்ளே போகட்டும், மெஷின் மெல்லிய ஒலிகளை மட்டும் கூட்டிக் கொடுக்கும். காதுக்குக் காற்றோட்டம் இருக்கும், சர்க்கரைக்கு அது நல்லது. ரீசார்ஜ் வகை வாங்கினால் ராத்திரி செல்போனோடு சேர்த்துச் சார்ஜில் போட்டுவிடலாம், அடாப்டரை மட்டும் மறக்காதீர்கள். பெரிய கம்பெனி மெஷினாக இருந்தால் சென்னை, திருச்சி, தஞ்சாவூர் எங்கேயும் யாராவது பார்த்துக் கொடுப்பார்கள். ஒரு எச்சரிக்கை: காஸ்ட்கோ மாதிரி கடைகளில் விற்கும் சில மாடல்களின் செட்டிங்கை வெளியில் உள்ள ஆடியாலஜிஸ்ட் மாற்ற முடியாமல் பூட்டி வைத்திருப்பது உண்டு, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வெளியே தெரியுமா என்றால், பக்கவாட்டில் நின்று உற்றுப் பார்த்தால் தெரியும். முன்னாலிருந்து தெரியாது, போட்டோவில் தெரியவே தெரியாது. நிறத்தைத் தோலுக்குப் பார்த்து எடுக்காதீர்கள், முடிக்குப் பார்த்து எடுங்கள். டை அடிப்பவர் என்றால் கறுப்பு, நரைத்திருந்தால் சாம்பல். காதுக்கு மேல் முடியைக் கொஞ்சம் தளர்த்தி வாரிக் கொண்டை போட்டால் போதும், மல்லிகை கொண்டையோடு நின்றுவிடும். சிக்கல் வருவது மாட்டலில். ஜிமிக்கியிலிருந்து கிளம்பி காது மடலை ஒட்டி மேலே போகிற சங்கிலி, மெஷினின் மைக் மேல் உராய்ந்தால் 'கரக் கரக்' என்று தலைக்குள் மணல் கொட்டுவது போலக் கேட்கும். கொக்கியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி முடியில் குத்தினால் சரியாகப் போகும், இல்லை மாட்டலையே விட்டுவிட்டு நல்ல ஜிமிக்கி போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று காலையில் முதல் தடவையாக இதைச் சோதிக்க வேண்டாம், நகை அத்தனையும் போட்டு முன்னாலேயே ஒருமுறை பாருங்கள். கெட்டிமேளத்துக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதிகபட்ச ஒலி அளவு ஒழுங்காகக் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள், சத்தமான இடத்துக்கென்று தனி புரோகிராம் ஒன்றும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இல்லை, காதுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்கக் கூடாது என்றால் இரண்டாவது வழி, தினமும் போட்டுக் கழற்றும் உள்மெஷின், ஐஐசி என்பார்கள். அதுவும் வெளியே தெரியாது, ராத்திரி கழற்றுவதால் காதுக்கும் ஓய்வு. ஆனால் உங்களுக்குச் சொந்தக் குரல் அடைத்த மாதிரி கேட்கும், ப்ளூடூத் பெரும்பாலும் இருக்காது, பேட்டரி இத்தனூண்டு, சில நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், குறும்பி அடைத்து அடிக்கடி நிற்கும். எனக்கு இது இரண்டாவது தேர்வுதான். மேடையில் நிற்கும் நிம்மதிக்காக இதை எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

2022 அக்டோபரிலிருந்து அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமலே மெஷின் வாங்கலாம், 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்போனுக்கும் காது மெஷினாகச் செயல்பட எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி கொடுத்தது. மீட்டிங்குக்கு அவை உதவும். கல்யாணத்தில் அதை மாட்டிக்கொண்டு நின்றால் பெண்ணின் அம்மா பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கிறார் என்று பேசுவார்கள், அது வேண்டாம்.

எதுவானாலும் இப்போதே ஆரம்பியுங்கள். புது மெஷினில் முதல் சில வாரம் பேப்பர் கசங்குவது, குழாய்த் தண்ணீர், சொந்தச் செருப்புச் சத்தம் எல்லாம் எரிச்சலாக இருக்கும், மூளை பழகினதும் அடங்கும். பொருத்தும்போது காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து மெஷின் நிஜமாக எவ்வளவு கொடுக்கிறது என்று அளப்பார்கள், ரியல் இயர் மெஷர்மென்ட் என்று பெயர், அதைச் செய்கிற இடத்துக்குப் போங்கள். செட்டிங்கை இரண்டு மூன்று தடவை திருத்த வேண்டியிருக்கும், அதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரிக்குப் பிறகும் லிரிக் ஆசை இருந்தால் தப்பில்லை, சர்க்கரை 7 பக்கம் இறங்கட்டும், டாக்டர் சம்மதம் எழுதித் தரட்டும், அதுவும் ஒரு மாச சோதனையாக மட்டும் போட்டுப் பாருங்கள். வலித்தால் எந்த நேரமும் எடுத்துவிடுவேன் என்ற எண்ணத்தோடு போடுங்கள், பொறுத்துக்கொள்வது இதில் கூடாது. சந்தாவில் கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் கேட்க வேண்டியது: சீக்கிரம் நின்றுபோனால் புதியது இலவசமா, வருஷத்துக்கு எத்தனை என்று வரம்பு உண்டா, நடுவில் விலகினால் மீதிப் பணம் வருமா, நான் வெளியூர் போனால் அந்த ஊரில் வைத்துக்கொள்ள முடியுமா, கம்பெனி இதைத் தயாரிப்பதை நிறுத்தினால் என் சந்தா என்ன ஆகும். கடைசிக் கேள்வி முக்கியம். மற்ற மெஷின் என்றால் ஒரு கம்பெனி போனால் இன்னொன்று. இதற்கு அந்த இன்னொன்று இல்லை.

அம்மாவுக்கு இது வேண்டவே வேண்டாம். முதலில் கும்பகோணத்திலேயே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிக் குறும்பியை எடுக்கச் சொல்லுங்கள், இந்த வயதில் அதிலேயே பாதி கேட்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு டெஸ்ட். மெஷின் தேவை என்றால் காதுக்குப் பின்னால் மாட்டும் பெரிய வகை, காதளவு எடுத்துச் செய்த அச்சோடு, விரலில் பிடிபடும் 13-ஆம் நம்பர் பேட்டரி போடுகிறது, இல்லை ரீசார்ஜ். தினமும் மாட்டிக் கழற்றி விட யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், ஆள் இல்லை என்றால் அது பீரோவில்தான் இருக்கும். ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்காமல் போனாலோ, சீழ் வந்தாலோ, தலை சுற்றினாலோ மெஷின் கடைக்குப் போகாமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், இது அம்மாவுக்கும் உங்களுக்கும் சேர்த்து. நவம்பரில் நீங்கள் அங்கே இருக்கும்போதே இதையெல்லாம் முடித்துவிடுங்கள், அவருக்கும் பழக இரண்டு மாசம் கிடைக்கும்.